குடோனுக்குள் நின்ற ஜீப்பு

திங்கள், ஐப்பசி

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. துணி மூன்றாம் நாளாக ஈரம்.

குடோனை நான் மாற்றி அடுக்க மாமனார் கடைசியில் சம்மதித்துவிட்டார். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் தொழில் விஷயமாக என்னிடம் அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

"ஏத்தா, மெட்ராஸ்ல நீ குடோனுக்கு எடம் பிரிச்சுக் குடுக்குற வேலதான பாத்த? நம்ம குடோனயும் பாரு. சனிக்கெழம மலையிலருந்து எரநூறு மூட்ட ஏலக்கா எறங்குது. எடம் பத்துனா சரி. பத்தலேன்னா பக்கத்து குடோன வாடகைக்குப் பிடிச்சிருவேன்."

செல்வம் (என் கணவர்தான், வேறு யார்) ஏலத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், "பத்தாது. பேசாம விட்டுரு" என்றார். இதற்காகவே பத்தவைக்க வேண்டும். இடத்தைச் சொன்னேன்.

மதியம் அளவெடுத்தேன். உள்ளே இருப்பவை:

- ஏலக்காய் மூட்டைகள். நெஞ்சு உயரத்துக்கு மட்டும். அதற்கு மேல் கூரை வரை வெறும் காற்று.
- காய் பொறுக்கும் பெண்கள் பத்துப் பேர். ஒரு ரேடியோ.
- நாத்தனார் கல்யாணத்தில் எடுத்துப்போக மறந்த பீரோ. உள்ளே என்னவென்று யாருக்கும் தெரியாது. சாவியும் இல்லை.
- வாசலுக்கு நேரே, நட்டநடுவில், ஒரு ஜீப்பு. சக்கரம் இல்லை, செங்கல் முட்டு. மாமா முதன்முதலில் வாங்கியது. ஓடி எட்டு வருடமாம்.

ஜீப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிரகாரம் மாதிரி சுற்றிப் போகிறார்கள்.

செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

குடோனை நடத்துவது பாக்கியம் அக்கா (இனி பா. அக்கா). எந்த மூட்டை எந்தத் தோட்டத்துக் காய், என்ன ரகம், எல்லாம் தலைக்குள். நோட்டு கிடையாது. நாள் முழுக்க அவர் பின்னால் நடந்து காலடியை எண்ணினேன்.

"எதுக்குத் தாயி பின்னாடியே வர்ற? நான் எதையும் மடியில கட்டிட்டுப் போகல."

"நடக்குற தூரத்த எண்ணுறேன்க்கா."

"எண்ணுனா கொறஞ்சிருமா?"

"கொறைக்கத்தான் எண்ணுறேன்."

நின்றுவிட்டார். "நெசமாவா? இந்த சீசனோட வேலைக்கு வரலன்னு மொதலாளிட்ட சொல்ல இருந்தேன். முட்டி தாங்கல."

சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம் காலடி. மலையடிவாரத்து முந்தல் வரை போயிருக்கலாம். அதில் கால்வாசி ஜீப்பைச் சுற்றியது.

இன்னொன்று. தினமும் கேட்கிற பெரிய காய் கடைசி மூலையில். எப்போதாவது கேட்கிற வெடிப்புக் காய் வாசலில். ஏன் என்று கேட்டேன். "அன்னைக்கு அங்கதான் எடம் இருந்துச்சு." என்றைக்கு?

புதன்

தேனியிலிருந்து மூட்டை அடுக்க இரும்புத் தட்டுகள் வந்தன. மூன்றடுக்கு. பெரிய காய் முன்னால், ஆனால் வெளிச்சமும் சாரலும் படாத பக்கம். வெடிப்புக் காய் பின்னால். அடியில் பலகை, ஈரம் ஏறாமல்.

மெட்ராஸ் வழக்கப்படி வரிசைகளுக்கு ஏ, பி, சி என்று பெயின்ட் அடித்தேன். பெரிய தப்பு. மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் பாண்டி அண்ணன். "ஏ ரெண்டு" என்றால், "யாரு, என்னையவா?" என்று திரும்புகிறார். "சி மூணு" என்றால் பொறுக்கும் பெண்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள். பி வரிசையைப் பற்றி எழுத வேண்டாம். அங்கிருந்து மூட்டை தூக்கவே மாட்டேன் என்றுவிட்டார் பாண்டி அண்ணன்.

"எம்மா, முந்தல், புலியூத்து, போடிமெட்டுன்னு வச்சிருந்தா கண்ணக் கட்டிக்கிட்டு எடுப்பேன். இது என்னம்மா பேரு?"

கோபத்தில்தான் சொன்னார். நான் பெயின்ட் டப்பாவைத் திரும்பத் திறந்தேன்.

வியாழன்

வாசலிலிருந்து வரிசையாக: போடி, முந்தல், புலியூத்து, போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை. மெட்டு ஏறி, செக்போஸ்ட் தாண்டி, கேரளாவுக்குள் பஸ்சு போகிற அதே வரிசை. யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"முந்தல் மேத்தட்டு! வெரசா எறக்கு!"

"பூப்பாறையில ஒரு மூட்ட இருக்குக்கா. செக்போஸ்ட்டுல விடுவாகளா?"

ரேடியோவை யாரும் கேட்கவில்லை. நல்ல நாள். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மாமா, ஜீப்ப வெளிய எடுத்தா இன்னும் முப்பது மூட்டைக்கு எடம் கெடைக்கும்."

"எடுக்கலாம்."

"எப்ப மாமா?"

"அது ஓடும்போது."

துண்டை எடுத்து பானெட்டைத் துடைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மாமியாரிடம் புலம்பினேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப நாங்க மேல தோட்டத்துல இருந்தோம். வலி வந்துருச்சுன்னு அந்த ஜீப்புலதான் எறங்குனோம். ஒன் புருசன் பாதி வழியிலயே பொறந்துட்டான். பின் சீட்டுல."

இரண்டு வருடமாக யாரும் சொல்லவில்லை. செல்வத்திடம் கேட்டேன். காது வரை சிவந்துவிட்டது. "எந்த வளைவுன்னு மட்டும் கேக்காத."

இனி எப்படி அந்த ஜீப்பை எடு என்பேன்? முப்பது மூட்டை குறையும். பக்கத்து குடோன்தான். போகட்டும்.

வெள்ளி

மழை. எழுத ஒன்றுமில்லை. ஜீப்பு என்ன ஆச்சு என்று பா. அக்கா கண்ணால் கேட்டார். நடக்காது என்று தலையாட்டினேன்.

சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பாண்டி அண்ணனின் ஆட்களில் பாதிப் பேர் காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். தெருவில் கடைசி நடையாக நான்கு ஜீப்பு லோடு. வானம் கறுத்துவிட்டது. மூட்டை நனைந்தால் காய் போச்சு. நான் பெண்களோடு தார்ப்பாய் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் மாமா, தலையில் துண்டு, முதுகில் மூட்டை. அறுபத்து நான்கு வயது. யார் தடுத்தும் கேட்கவில்லை.

உள்ளே போக ஜீப்பைச் சுற்றினார். வர ஜீப்பைச் சுற்றினார். நான்கு நடை இப்படியே. ஐந்தாவதில் முழங்கால் பம்பரில் இடித்தது. மூட்டையோடு நின்றபடியே கத்தினார்.

"எந்தச் சனியன்யா இத இங்கன கொண்டாந்து நிப்பாட்டுனது?"

பா. அக்காதான் வாயைத் திறந்தார்.

"நீங்கதான் மொதலாளி."

மாமா மூட்டையை மெல்ல இறக்கினார். ஜீப்பைப் பார்த்தார். பா. அக்காவின் முட்டியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். இந்த மனுஷருக்கு இவ்வளவு பல் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

"அப்ப நான்தான எடுக்கணும்?"

சக்கரம்? வந்திருந்த நான்கு ஜீப்பிலும் ஸ்டெப்னி இருந்தது. கழற்றி மாட்டினார்கள். மாமா ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டார், வேறு யாரையும் விடவில்லை. டிரைவர்கள், பாண்டி அண்ணன், பொறுக்கும் பெண்கள், நான். தள்ளு தள்ளென்று தள்ளினோம். வாசலைத் தாண்டும்போது ஹாரனை அமுக்கினார். அடிக்கவில்லை. வாயாலேயே அடித்தார்.

கடைசி மூட்டை உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் மழை. இருநூறும் கொண்டது. சாந்தன்பாறையில் மூன்று மூட்டைக்கு இடம் மிச்சம். பா. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் ஏலக்காய் மணம்.

திங்கள்

தெளிந்த வானம். முந்தல் வளைவு வரை தெரிகிறது.

ஜீப்பு இப்போது வீட்டு முன்னால். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு மாமாவின் முகத்துக்காக "பாக்கலாங்கய்யா" என்றார். ஸ்டெப்னி கேட்டு டிரைவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாமா ஒருவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

பா. அக்கா இன்று நடந்தது நாலாயிரத்துச் சொச்சம் காலடி. "வேலைக்கு வரலன்னு சொல்லப்போறதா இருந்தீங்களே?" என்றேன். "யாரு சொன்னா?" என்றார்.

மாலையில் பக்கத்து குடோன்காரர் வந்தார். வாடகைக்கு எடுக்கவில்லையே என்று வருத்தம். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மருமகதான் வேண்டான்னுருச்சு. ஒங்க குடோன் நடுவுலயும் ஒரு டிராக்டரு நிக்கிதுல்ல? வந்து பாக்கச் சொல்லவா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாம்மா. ஆனா டிராக்டரத் தொடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

சரி என்றேன்.