கெர்மிட்டைத் திரும்பப் போட்டது யார்

மேலப்பாளையம்,
ரமலான் பிறை பதினாறு

அன்பு மகன் ஹசன் அலிக்கு, வாப்பா காஜா முகைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் உன் பெண்சாதி முஃபீதாவும் மகள் ஹம்னாவும் நோன்பும் தொழுகையுமாகச் சுகமே இருக்கிறோம். உன் சுகத்தை வெள்ளிக்கிழமை போனில் சொன்னாய். அதைப் பற்றிப் பின்னால் கேட்கிறேன்.

உம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஹம்னாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. 'ச' வருகிற இடத்திலெல்லாம் காற்றுதான் வருகிறது. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

இனி போர்டு விவகாரம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆரம்பத்தில் இருந்து வந்தால்தான் எனக்குத் தலை நிற்கும்.

நீ கத்தாருக்குப் போகும் முன்பு எனக்குப் பொழுதுபோகட்டும் என்று அமைத்துக் கொடுத்த புல்லட்டின் போர்டை, நானும் குறிச்சி குமரகுருபரன் சாரும் இன்றுவரை அணையாமல் பார்த்துக்கொள்கிறோம். இருப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர். வெளியூர்ப் பிரியர்கள் லைன் வழியாக அதற்குள் வந்து கறுப்புத் திரையில் சேதி எழுதி வைக்கிறார்கள், கோப்பு எடுத்துப் போகிறார்கள். வாட்ஸ்அப் இருக்கையில் இது எதற்கு என்று டீக்கடையில் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கணக்கில் அதே மார்க்கை வாங்கிய ஒருவனை 'நிர்வாகி' என்று அழைக்கும் இடம் உலகத்தில் இது ஒன்றுதான். அதை விட்டுக் கொடுப்பேனா?

சண்டை எதற்கென்றால், கோப்பு அனுப்பும் நடைமுறைக்கு. என் கட்சி இசட்மோடம். லாரி புக்கிங் ஆபீசில் பார்சல் ஏற்றியே தலை நரைத்தவனுக்கு அதுதான் ஒத்துவரும். லோடு ஏற்றினால் வண்டி போய்க்கொண்டே இருக்கும். வழியில் பொட்டலம் விழுந்தால் மட்டும் சொல்லி அனுப்பினால் போதும். குமரகுருபரன் சார் கட்சி கெர்மிட். அது பதிவுத் தபால் மாதிரி. கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்ததைத் தொடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றும் இன்னும் ரிசீவரைக் கீழே வைக்காத மனுஷன். அவருக்கு அந்தப் பொறுமை உண்டு.

இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் அவர், என் இசட்மோடம் நல்ல ரோட்டில் மட்டும்தான் ஓடும் என்று வள்ளியூர் ஆட்கள் எல்லாம் படிக்கிற பொதுப் பலகையில் எழுதிவிட்டார். அன்றைக்கே கெர்மிட்டைப் பட்டியலில் இருந்து தூக்கினேன். யாரும் எடுப்பதில்லை, சும்மா இடத்தை அடைக்கிறது என்று காரணம் எழுதினேன்.

கொஞ்ச நாளில் பார்த்தால் கெர்மிட் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் துண்டின் அளவை ஆகக் குறைத்து வைத்து. தூக்கினேன். வந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி வந்தது. நிர்வாகிக் கடவுச்சொல் என்னிடம் உண்டு, அவரிடம் உண்டு, அமைத்துக் கொடுத்த உன்னிடம் உண்டு. உன் புது ஆபீசில் லைன் பறக்கிறது, முழுப் படமே கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது என்று நீதான் சொன்னாய். உனக்கு எதற்குக் கெர்மிட்? ஆகவே கள்ளன் குறிச்சியில்தான் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

சந்தேகம் வந்துவிட்டால் மனுஷன் எப்படி ஆகிவிடுகிறான் என்பதை என்னைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவர் சட்டைப்பையில் பேனா இருந்தால்கூட இது எதற்கு என்று தோன்றியது. ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்ததையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். ஒருமுறை அவர் தும்மினார். அதையும் விடவில்லை.

நேருக்கு நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கஞ்சியை நிறுத்தினேன். நோன்பு தொடங்கினால் பள்ளிவாசல் கஞ்சியில் ஒரு தூக்குவாளி அவர் வீட்டுக்குப் போவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் போகவில்லை. உம்மா என்னைக் கேட்டாள், "ஒரு பொட்டிக்காவ மனுசனுக்குக் கஞ்சிய நிப்பாட்டுவாவளா? ஒமக்கு நோன்பு எங்கன கூடும்?" இது கொள்கை விவகாரம் என்றேன். அவள் கேட்ட முறையில் எனக்கே அந்த வார்த்தை கேவலமாகப் பட்டது.

நேற்று மாலை அசர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், குமரகுருபரன் சார் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கஞ்சி வராத காரணத்தைக் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தாராம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று காலையில்தான் கெர்மிட்டைத் தூக்கியிருந்தேன். பட்டியலில் அது இல்லாததைக் காட்டி, இன்று ராத்திரி வந்து திரும்பப் போடுவீராக்கும் என்று குத்தலாகவும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தான் செய்திருந்தால் துண்டை இவ்வளவு பொடியாக நறுக்கியிருக்கமாட்டேன், தனக்கே அந்த அளவு பொறுமை கிடையாது என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு ஆள் நிர்வாகிக் கடவுச்சொல்லோடு உள்ளே வந்தான். என் கை என் மடியில் இருக்கிறது. சார் வாளியை உயர்த்திக் காட்டினார்.

"என் கை ரெண்டும் இதுல இருக்கு, நல்லாப் பாத்துக்கிடும்வே."

எங்கள் கண் முன்னால் கெர்மிட் பட்டியலில் ஏறியது. துண்டின் அளவு ஆகக் குறைவுக்கு இறங்கியது. பிறகு ஒரு கோப்பு நகரத் தொடங்கியது. ஹம்னா பல் விழுந்த கதையைச் சொல்கிற ஒலிக் கோப்பு. உன் போன் பழுதாகிவிட்டது, ஆபீஸ் போனில்தான் பேசுகிறேன் என்று நீ சொன்னதில் இருந்து, அவள் பேசுவதைப் பதிந்து உன் பெட்டியில் போட்டு வருகிறேன் இல்லையா, அதில் ஒன்று. கொஞ்சம் போகும், நிற்கும். அறுந்துபோகும். அந்த ஆள் மறுபடி உள்ளே வந்து முதலில் இருந்து எடுப்பான். மறுபடி அறுந்துபோகும்.

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். பிறகு பைய எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"காஜா, இது ஆபீஸ் லைன் இல்ல வே. எங்கனயோ அத்துவானத்துல கெடந்து இழுக்குதான்."

யார் என்று தட்டிக் கேட்க அவர் கீபோர்டில் கையை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "கேக்காதீரும். கேட்டா ஓடிருவான்" என்றேன்.

நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டும் மெல்லத் தோன்றவில்லை. அந்தக் கோப்பு முழுதும் போய்ச் சேரும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். நான் ஒவ்வொரு முறை கெர்மிட்டைத் தூக்கியபோதும் யாருடைய காதை அடைத்தேன் என்பது நிற்கும்போதுதான் விளங்கியது. கஞ்சியை நானே ஊற்றிக் கொடுத்தேன். உம்மாவிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று சார் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

ஹசன், இனி சந்தேகப்பட எனக்கு வெளியாள் இல்லை. வெள்ளிக்கிழமை நீ பேசும்போது பின்னால் கேட்டதை ஏசி சத்தம் என்றாய். ஏசி இப்படி விட்டு விட்டு வீசாது. வீடியோவில் வா என்றால் கம்பெனியில் தடை என்றாய். ஒவ்வொரு வாரமும் வேறு நம்பரில் இருந்து கூப்பிடுகிறாய், ஆபீசுக்கு அத்தனை போனா? "பையன் ஏன் யாருக்கோ பயந்தாப்புல கொரலத் தாத்திப் பேசுதான்?" என்று உம்மா கேட்கிறாள். முஃபீதாவோ உன் பேச்சை எடுத்தால் வடித்த சோற்றையே மறுபடி வடிக்கப் போய்விடுகிறாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவளிடம் கேட்கவில்லை. நீ சொல்லாதே என்று சொல்லியிருந்தால், அவள் பொய் சொல்ல நான் காரணமாக வேண்டாம்.

வேலை போயிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாலைவனத்தில் ஆடு ஒட்டகம் மேய்க்க அனுப்பியிருந்தாலும் வெட்கம் இல்லை. பொய் சொன்னதற்காக ஏசவும் மாட்டேன். நாங்கள் கவலைப்படக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாய். ஆனால் கவலை எப்படியும் வந்துவிட்டது. அதை இருட்டில் வைத்துத் தடவுவதைவிட வெளிச்சத்தில் பார்ப்பது எனக்குச் சுலபம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீ கொடுத்த விலாசத்தில் நீ இருக்கிறாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போர்டில் உன் பெட்டியில் வைக்கிறேன். ஒரே கோப்பாக வைத்தால் உன் லைன் தாங்காது என்று சார் சொன்னதால், பத்தி பத்தியாகப் பிரித்துச் சின்னச் சின்னக் கோப்பாக வைத்திருக்கிறேன். கெர்மிட்டை இனி யாரும் தொடமாட்டார்கள். நீ வைத்த அளவே இருக்கும். அவசரப்படாமல் எடு.

பதில் நீளமாக வேண்டாம். யார் கண்ணிலாவது படும் என்றால் ஊர்ப் பெயரும் வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் சொல். உன் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதை சார் இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நான் அவர் பின்னால் போய் நிற்பேன். எனக்குப் பேச வராவிட்டாலும் நிற்க வரும்.

சாப்பாட்டை விடாதே. வெயிலில் நிற்க வைத்தால் தலையில் துணி போட்டுக்கொள். நோன்பு வைக்க முடியாத இடமாக இருந்தால் பிடிக்காதே, பிறகு வைத்துக்கொள்ளலாம். அல்லாஹ் உனக்கு உடம்புக்கு ஆபியத்தையும் நிழலையும் நல்ல மனுஷர்களின் கண்ணையும் தரட்டும். நீ எங்கே இருக்கிறாய் என்பது அவனுக்குத் தெரியும். ஐந்து வேளையும் அவனிடம்தான் உன் விலாசத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் வாப்பா,
காஜா முகைதீன்