ஒரே கட்டாகக் கட்டிய தாள்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீங்கள் இருவரும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். உடம்புக்கு என்று ஏன் தனியாகச் சொல்கிறாள் என்று புருவத்தைத் தூக்குவாய், படித்துக்கொண்டே வா, சொல்கிறேன். அக்கா குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. குப்புற விழுந்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் கத்துகிறான், உன் அத்தான் திருப்பிப் போட்டால் மறுபடி விழுந்து மறுபடி கத்துகிறான். உன் அப்பா அதைப் பார்த்து அக்காவிடம், "அப்படியே உங்கம்மாதான், தானே போய் மாட்டிக்கிட்டு தானே கத்துறது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அது போன மாதம்.

இதை ஃபோனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் உங்கள் ஊர்க் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம், அதனால் எழுதுகிறேன். போன வருடம் ஆயர் அலுவலகத்திலிருந்து மறைமாவட்டத்தின் எல்லாப் பங்குக் கோவில்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. கோவிலில் தங்களுக்கு இடமில்லை என்று நினைக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள், விவாகரத்து ஆனவர்கள், மறுமணம் செய்தவர்கள், உன்னைப் போன்றவர்கள், யாராக இருந்தாலும் சரி, சொல்வதை எழுதி அனுப்புங்கள், பெயர் வேண்டாம் என்று. பழைய பங்குத்தந்தை, உனக்கு முதல் நற்கருணை கொடுத்தாரே அவர்தான், என்னைக் கூப்பிட்டு நீங்கள் எழுதினால்தான் ஆள் வரும் டீச்சர், இங்கே பாதிப் பேர் உங்களிடம் படித்தவர்கள், மீதிப் பேர் தங்கள் பிள்ளைக்காக உங்களிடம் திட்டு வாங்கியவர்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். மறைக்கல்வி அறையில் குட்டி பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு ஒன்பது சாயங்காலம் கேட்டேன். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பாடகர் குழுவுக்கு உடை தைக்கும் தையல்காரி வந்தாள், அடித்த புருஷனை விட்டு விலகி வேறொரு நல்ல மனிதரோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். அப்படிப்பட்டவர்களுக்கு நற்கருணை கிடையாதே, அதனால் வரிசை கிளம்பும்போது குழந்தை அழுகிறது என்று தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாளாம், "இப்ப அந்தக் குழந்தை பத்தாவது படிக்குது டீச்சர், இனிமே என்ன சாக்கு சொல்றது" என்றாள். கோவிலில் மைக்கும் விளக்கும் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியன் வந்தார், உன் சைக்கிள் விளக்கைச் சரி செய்து கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போவாரே அவர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை ஐந்தே நிமிடத்தில் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார். உன் அக்காவும் வந்தாள். தன் முதல் கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு மறைமாவட்ட மன்றத்தில் போட்ட விண்ணப்பம் ஆறு வருடமாக எந்த மேசையில் கிடக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னாள். எல்லோரும் போன பிறகு இருபத்துமூன்றாவதாக நான் என்னுடையதை எழுதினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது என் தப்பு. வகுப்பு என்றால் முதலில் வருகைப் பதிவு, முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு வந்தவர்களைக் கையெழுத்துப் போட வைத்தேன். அவரவர் சொன்னதைத் தனித்தனித் தாளில் எழுதினேன், பெயர் எழுதவில்லை, ஆனால் வலது மேல் மூலையில் அதே எண்ணைப் போட்டேன், பின்னால் யாராவது ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றால் தேடி எடுக்க வசதியாக இருக்குமே என்று. பெரிய பரீட்சைக்கு விடைத்தாளில் டம்மி எண் போட்டுப் பெயர் இருக்கும் முகப்பைக் கிழித்துத் தனி அறையில் பூட்டுவார்கள், அந்த அறைச் சாவியை எத்தனை வருடம் என் இடுப்பில் செருகியிருந்தேன் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் தாள்களையும் நோட்டையும் ஒன்றாக அடுக்கி, நாலு பக்கமும் நூல் போட்டுக் கட்டி, பிரியக்கூடாது என்று இரட்டை முடிச்சும் போட்டுக் கோவில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இருக்கும் ஆசிரியை கூடச் செய்யமாட்டாள். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் யோசித்துச் செய்திருப்பேன், தம்பி. ஒழுங்காக இருக்கிறதே என்ற திருப்தியில் செய்ததால் யோசிக்கவே இல்லை.

இரண்டு மாதத்தில், கட்டு ஆயர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே, பழைய பங்குத்தந்தையை மாற்றிவிட்டார்கள். புதியவர் இளையவர், அதிர்ந்து பேசமாட்டார், நம்மைப் பார்த்தால் அவர்தான் முதலில் வணக்கம் சொல்வார். முதலில் உடை தைக்கும் வேலை தையல்காரியிடமிருந்து வேறு ஆளுக்குப் போனது. சரி, அவளுக்குக் கண் மங்குகிறது என்று நினைத்தேன். பிறகு ஞாயிறு வாசகம் வாசிப்பவர்கள் பட்டியலிலிருந்து நர்ஸ் ஒருத்தியின் பெயர் போனது. அவளுக்கு இரவு டியூட்டி என்று நினைத்தேன். இவர்கள் இருவரும் என் கட்டில் எட்டாவது தாளும் பதினோராவது தாளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரம் முன்னால் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். பங்குப் பேரவையின் துணைத்தலைவர் நம் மருந்துக்கடைக்காரர்தான். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சிரித்தபடி, "மைக் சரி பண்றவருக்கு இப்ப மைக்லயே பேசணுமாமே டீச்சர்" என்றார். பதினோரு வருடமாக மைக்கைச் சரி செய்கிறேன், ஒரு நாளும் அதில் பேசியதில்லை என்று எலெக்ட்ரீஷியன் என்னிடம் சொன்னது, அந்த அறையில், எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லாதபோது. அதை ஒரு எழுத்து மாறாமல் எழுதியவள் நான்.

நேராகக் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் குமாஸ்தா பெண் என்னிடம் ஏழாவது படித்தவள், என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டாள். கட்டு மேசை மேல்தான் இருந்தது, நூலைக் காணோம். ஒவ்வொரு தாளிலும் நான் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் பொடி எழுத்தில் பெயர் எழுதியிருந்தார்கள். இருபத்துமூன்றைத் தேடி எடுத்தேன். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே என் கையெழுத்துத்தான் இருக்கிறது, ஆனாலும் தாளில் என் பெயரை எழுதவில்லை. டீச்சர் மகன் என்று எழுதியிருந்தது. நீ நான்கு வருடமாக இன்னொரு ஆணோடு துணையாக ஒரே வீட்டில் வாழ்கிறாய் என்றும், உனக்கு ஆபரேஷன் ஆனபோது பதினெட்டு நாள் பக்கத்தில் இருந்தவர் அவர் என்றும், உங்களை இந்த ஊருக்குக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லாததற்குக் கோவிலைக் காரணம் காட்டினேன் என்றும், முதல் ஒரு வருடம் அவர் குரலைக் கூடக் கேட்க மறுத்தேன் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். என் குற்றத்தைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உன் வாழ்க்கையை எழுதிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைக் கழுவிவிட்டு வந்து, "எழுதினது உன் கை, பேர் போறது அவனோடது" என்றார்.

யாரும் எங்களைத் திட்டவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் முன்னைவிட மரியாதையாக இருக்கிறார்கள். பூசையில் நாங்கள் உட்காரும் பெஞ்சில் எங்கள் இருவரைத் தவிர யாரும் உட்காருவதில்லை, முன்னால் ஒரு வரிசை காலி, பின்னால் ஒரு வரிசை காலி, தாராளமாக உட்காருங்கள் என்று கையைக் காட்டுகிறார்கள். வகுப்பில் அம்மை வந்த பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கும்போது நானும் இப்படித்தான் அன்பாகக் கையைக் காட்டியிருப்பேன். மருந்துக்கடைக்காரரை வெறுக்கவும் முடியவில்லை. அப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்று மழையில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் அவர். "யாரையும் வெளிய போகச் சொல்லல டீச்சர், சட்டம்னு ஒண்ணு இருந்தாத்தான் அது கோவில், இல்லேன்னா பஸ் ஸ்டாண்டு" என்கிறார், மனதார நம்பித்தான் சொல்கிறார். நானும் பத்து வருடம் முன்னால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் ஒவ்வொரு வீடாகப் போய் என் தப்பைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பதினான்கு வீடு முடிந்தது. தையல்காரி அழுதாள், நர்ஸ் கதவைச் சாத்தினாள், இரண்டும் நியாயம். எலெக்ட்ரீஷியன் கடை ஒன்பது நாளாகத் திறக்கவில்லை, ஷட்டரில் யாரோ கரியால் எதையோ எழுதி யாரோ அழித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனேன். அவர் அம்மா கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசினார்கள். "எங்க போனான்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவன் உங்க பேரைச் சொல்லல டீச்சர். ஆனா அவன் வாயத் தெறந்தது உங்ககிட்ட மட்டும்தான்." என்னால் அங்கே நிற்க முடியவில்லை, தம்பி, திரும்பி வரும்போது வழி தப்பி இரண்டு தெரு அதிகம் நடந்தேன்.

அக்கா போன வாரம் ஞானஸ்நானப் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், ஞானத்தந்தை என்ற இடத்தில் உன் பெயர். பங்குத்தந்தை நாற்காலி போட்டு உட்கார வைத்து, தம்பி எப்போது வருகிறார், எங்கே தங்குவார் என்று விசாரித்துவிட்டு, "தனியாத்தான் வர்றாரா?" என்று கேட்டிருக்கிறார். படிவத்தை வாங்கி மடித்து மேசை இழுப்பறையில் வைத்தாராம். பங்குக் கூட்டம் முடியட்டும், பார்க்கலாம் என்றாராம். அக்கா என்னைப் போல இல்லை. "தம்பி நிக்கலேன்னா என் பிள்ளைக்கு முழுக்கே வேண்டாம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் இருபத்துமூன்று தாள்களின் சாரத்தையும் பேரவை வாசிக்கப் போகிறதாம், பெயர் சொல்லமாட்டார்களாம், எண் மட்டும் சொல்வார்களாம். அவர்கள் வாசிக்கும் முன் நான் எழுந்து, பெயரை மறைக்கத் தெரியாமல் கட்டிக் கொடுத்தவள் நான், இந்தத் தாள்களை யார்மேலும் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை, எரித்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் மற்றவர்கள் தாளை எரி என்று கேட்கிறவள் தன் தாளை மட்டுமாவது நிமிர்ந்து வாசிக்க வேண்டும், என் மகன், அவனோடு வாழ்கிறவர், இருவரும் என் பிள்ளைகள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மனது கேட்கிறது. அது உன்னுடையது. ஒரு முறை கேட்காமல் செய்துவிட்டேன், இன்னொரு முறை செய்யமாட்டேன். நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்கமாட்டேன், வருத்தமும் படமாட்டேன். ஞானஸ்நானத்துக்கு வர நீ எடுக்க இருந்த டிக்கெட்டையும் என் பதிலுக்காக நிறுத்தி வைக்காதே, வா என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டம் மூன்றாவது ஞாயிறு, உன் பதில் வர நாள் இருக்கிறது.

மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன், குமாஸ்தா பெண் வாசலில் நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்றாள். கூட்டத்தை இந்த ஞாயிறுக்கே மாற்றிவிட்டார்களாம், அறிவிப்பு கிடையாது, பேரவை ஆட்களுக்கு மட்டும் வாய்வழியாகச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் வருவது அவர்களுக்குப் பிடிக்காது டீச்சர் என்று சொல்லிவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனாள். நாளை மறுநாள் ஞாயிறு. அதனால் இன்று மாலை நானே ஃபோன் செய்வேன், இந்த முறை குளிரைப் பற்றிப் பேசமாட்டேன். ஆனாலும் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன், ஃபோனில் பாதிதான் சொல்லியிருப்பேன், மீதி உன் கையில் இருக்க வேண்டும்.

கடவுள் உங்கள் இருவருக்கும் துணையாக இருக்கட்டும், நீ போகும் இடமெல்லாம் யாராவது ஒருவர் உனக்குக் கதவைத் திறக்கட்டும், என் பிள்ளையின் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். ஆபரேஷன் ஆன இடத்தில் குளிர் படாமல் பார்த்துக்கொள். அவரிடமும் இதைப் படித்துக் காட்டு. இது உன் கைக்கு வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். அங்கே நான் எழுந்து என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போது தெரியாது.

உன்
அம்மா