அண்ணி படிக்காமல் போன ஐந்தாம் பாகம்

என் பிரியமான அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். பழக்கம் போகவில்லை. நான்தான் களைத்துப் போயிருக்கிறேன், அண்ணி. செங்கல்பட்டிலிருந்து சிறுசேரி ஆபீசுக்குப் போய்வருவதிலேயே தெம்பெல்லாம் கரைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, அண்ணனுக்குச் சமைத்து வைத்துவிட்டுத் திரும்புகிறேன். நீங்கள் இல்லாத வீட்டில் உட்காரவே தோன்றுவதில்லை.

நம் விண்வெளிக் கதையின் ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆங்கில நாவலின் முதல் பாகத்தை உங்கள் போனில்தான் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நீங்கள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். “வேரன்னு ஒரு கேப்டன்டி. இசோன்னு எதிரி நாட்டுக்காரன சிறை புடிச்சி வச்சிகினு, அவனுக்கே சோறு எடுத்துகினு போறான். ரெண்டு பேரும் பாத்துக்கற பார்வ கீதே!” என்றீர்கள்.

அன்று தொடங்கியது பைத்தியம். போர்க்காட்சிகளை வேகமாகத் தள்ளிவிட்டு, அவர்கள் இருவரும் தனியாக இருக்கும் பக்கங்களுக்கு ஓடுவோம். “ஒரு கைய புடிக்க மூணு புக்கா? கெரகத்தையே வெடிக்க வைக்கிறானுங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்றானுங்க!” என்று நீங்கள் திட்டியதை நினைத்து ஆபீஸ் பஸ்ஸில் சிரித்திருக்கிறேன்.

நாலாம் பாகத்தின் முடிவில் இசோவின் கப்பல் காணாமல் போனது. அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படித்தீர்கள். அடுத்தது வருவதற்குள் நீங்களே போய்விட்டீர்கள். வந்த அன்றே வாங்கினேன், ஆனால் திறக்கவில்லை. யாரைக் கூப்பிட்டுப் புலம்புவது?

போன ஞாயிறு மதியம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “நீயும் அவளும் போன்ல இன்னாத்த பட்ச்சிட்டு அப்டி சிரிப்பீங்க?”

பொய் சொல்ல யோசித்தேன். அதற்கும் தெம்பில்லை. கதையைச் சொன்னேன்.

“ரெண்டு பேரும் ஆம்பளையா?”

“ஆமாண்ணே.”

சோற்றைப் பிசைந்தார். “எங்கிட்ட சொல்லவே இல்லியே அவ.”

“நீ திட்டுவேன்னு பயந்தாங்க.”

“திட்டித்தான் இருப்பேன்.” தண்ணீர் குடித்தார். “சரி, சேந்தாங்களா?”

“தெரியாது. கடைசி புக்கு நான் படிக்கல.”

“ஏன்?”

நான் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “படி. தமிழ்ல சொல்லு.”

அன்று பாதி, இன்று மீதி. எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வேரன் தன் கப்பலையே விட்டுக்கொடுத்து, உறைந்த நிலவு ஒன்றில் இசோவைக் கண்டுபிடிக்கிறான். எலும்பும் தோலுமாக இருக்கிறான் இசோ. முதல் முத்தம் அங்கேதான். அந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அண்ணன் கண்ணை மூடியபடியே, “இன்னா முணுமுணுக்கற, சத்தமா சொல்லு” என்றார்.

சேர்ந்துவிட்டார்கள், அண்ணி. ஒருவரும் சாகவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருப்பீர்கள்.

முடித்ததும் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வாசல்வரை வந்தார். “நடுவுலேர்ந்து கேட்டா ஒண்ணும் வெளங்கல. அடுத்த வாரம் மொத புக்குலேர்ந்து சொல்லு. அவ எங்க எங்க சிரிச்சான்னும் சொல்லு.”

சொல்கிறேன், அண்ணி. எவ்வளவு களைத்திருந்தாலும் வந்து, ஒரு பக்கமும் தாண்டாமல் சொல்கிறேன்.

என்றும் உங்கள் கட்சியிலேயே இருக்கும்,
உங்கள் நாத்தனார்