வெள்ளோடை மேற்பிரிவுக்கு வரவேண்டிய லொறி

அனுப்புநர்:
மூக்கன் கஜேந்திரன்,
ஓய்வுபெற்ற கோப்ரல் (தரைப்படை, பொறியியல் பிரிவு),
இலக்கம் 14, புதிய வீட்டுத்திட்டம்,
வெள்ளோடைத் தோட்டம், மேற்பிரிவு,
பூண்டுலோயா.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
ஓய்வுபெற்ற படையினர் வசதிகள் பிரிவு,
கொழும்பு.

விடயம்: காலாவதியாகிவிட்டதாகக் கூறி நிறுத்தப்பட்ட, வீட்டுச் சாமான்களைச் சொந்த இடத்துக்கு ஏற்றிச்செல்லும் வசதியை மீள வழங்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்விடயம் பற்றித் தங்கள் பிரிவுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது; திகதி மட்டும் மாறியிருந்தது. சுருக்கமாக எழுதியதால்தான் விளங்கவில்லையோ என்று நினைத்து இம்முறை நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும். முழுவதையும் வாசித்த பிறகு முடிவெடுக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஓர் அறை வீட்டில் பிறந்தவன். காலஞ்சென்ற என் தகப்பனார் மூக்கன் இங்கு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். தாயார் காளியாயி கொழுந்தெடுத்தார். 2001ஆம் ஆண்டு நான் தரைப்படையில் சேர்ந்தேன். தோட்டத்துத் தமிழனுக்கு ஆமியில் என்ன வேலை என்று முகாமிலும் கேட்டார்கள், லயத்திலும் கேட்டார்கள். சம்பளத்துக்குப் போனேன், போன இடத்தில் பாலம் போடக் கற்றுக்கொண்டேன் என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றேன். என் சேவைப் பதிவில் ஒரு தண்டனைகூட இல்லை. நன்னடத்தைச் சான்றிதழின் பிரதியை இணைத்துள்ளேன்.

2. ஓய்வு பெறும் படைவீரர் ஒருவரின் வீட்டுச் சாமான்களைப் படை விடுதியிலிருந்து அவரது நிரந்தர முகவரிக்கு ஒருமுறை படை லொறியில் ஏற்றித் தரவேண்டும் என்பது தங்கள் பிரிவின் ஒழுங்கு. அதற்கு ஓராண்டு தவணை. லொறி கிடைக்கும் நாளில் ஓய்வு பெற்றவரே விடுதியில் நின்று கையொப்பமிட வேண்டும்; மனைவி மக்கள் இடமுடியாது. இவை யாவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி இரக்கம் கேட்க நான் இதை எழுதவில்லை.

3. ஓய்வு பெற்ற அந்த ஆண்டு சித்திரை மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. 2008ஆம் ஆண்டு நான் வன்னியில் இருந்தபோது, பல வாரங்களாக என்னிடமிருந்து ஒரு செய்தியும் வராததால், என் மகன் உயிரோடு வந்தால் தீச்சட்டி ஏந்துவான் என்று தாயார் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் உயிரோடு வந்தேன். ஆனால் அதன்பிறகு ஒரு திருவிழாவுக்கும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பின் வரும் முதல் திருவிழாவிலேயே அதை முடித்துவிட வேண்டும் என்று வந்து, கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். சாமான்களைக் கட்டி வைத்துவிட்டதாலும் லொறி எந்த நாளும் வரலாம் என்பதாலும் என் மனைவி பிரேமினி திருவிழாவுக்கு வராமல் விடுதியிலேயே இருந்துவிட்டாள்.

4. காப்புக் கட்டிய மூன்றாம் நாள் தங்கள் பிரிவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மறுநாள் காலை விடுதிக்கு லொறி வரும், நீ நிற்கவேண்டும் என்றார்கள். ஐயா, தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை என்பதால் சொல்கிறேன். எங்கள் தோட்டங்களில் காப்புக் கட்டியவர் திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும் வரை தோட்ட எல்லையைத் தாண்டி இரவு தங்கமாட்டார். அவசரமென்றால் அவிழ்த்து வைத்துவிட்டுப் பிறகு கட்டிக்கொள்ளும் காரியம் அல்ல அது. விடுதி இருந்ததோ வடமத்திய மாகாணத்தில். அன்றிரவே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

5. எனக்கு ஒரு கணம் மனம் தடுமாறியது உண்மைதான். கட்டளை என்றால் எழுந்து நிற்கும் பழக்கம் அத்தனை சீக்கிரம் போய்விடுமா? தாயாரிடம் விடயத்தைச் சொன்னேன். "ஒன்னய உசுரோட குடுத்தவ அவ. லொறி நாளைக்கும் வரும்டா" என்றார். நான் தொலைபேசியை எடுத்து, எனக்கு இரண்டு வாரம் கழித்து லொறியைத் தாருங்கள் என்று சிங்களத்தில் காரணத்தோடு கேட்டேன். பேசியவர் நல்ல மனிதர். தன் ஊர் விகாரையின் பெரஹரா ஊர்வலத்தைப் பற்றிக்கூடச் சொன்னார். சரி, வரிசையில் மீண்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். நான் திருப்தியோடு சட்டி ஏந்தினேன். லொறி நாளைக்கும் வரும் என்பதில் மட்டும் என் தாயார் தவறிவிட்டார்.

6. பின்னர்தான் தெரிந்தது: அவரிடம் இருந்த படிவத்தில் "வாகனத்தை ஏற்றார்", "ஏற்க மறுத்தார்" என்று இரண்டே கட்டங்கள். பிற்போடக் கேட்டவருக்குக் கட்டம் இல்லை. எனவே இரண்டாவதில் அடையாளமிட்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் மறுக்கவில்லை, ஐயா. எந்தக் காலத்திலும் மறுக்கவில்லை.

7. வரிசையில் என் முறை மீண்டும் வர நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை விடுதியில் இருக்க அவகாசம் தந்தமைக்கு நன்றியுடையவன். லொறி வந்த அன்று நானும் பிரேமினியும் விடுதியை ஒப்படைத்துவிட்டு, சாமான்களோடு லொறியிலேயே புறப்பட்டோம். தலவாக்கலை தாண்டியதும் மழை. தொழிற்சாலைச் சந்தியை அடைந்தபோது, மேற்பிரிவுக்குப் போகும் ஓடைப் பாலம் இல்லை. அன்று காலையில்தான் வெள்ளம் அடித்துப் போயிருந்தது. மறுகரையில் என் தாயார் நின்றார். எங்களுக்காக லயத்து அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாராம்.

8. செய்தி பரவி, வேலைக்காட்டிலிருந்து ஆண்களும் பெண்களும் மழைக்குப் போர்த்திய கொங்காணியோடு வந்துவிட்டார்கள். எங்கள் அயலவர் சின்னராசா, "சந்தியில எறக்குங்க, மேல வழியா சுத்தித் தலைச்சுமையா கொண்டு போயிருவோம், ஒரு ஊசி கொறையாது" என்றார். லொறிக்குப் பொறுப்பாக வந்த படைவீரர் இளைஞர். முகவரியின் வாசலில் இறக்கினால்தான் ஒப்படைத்ததாகும், இல்லையேல் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது தனக்கிடப்பட்ட கட்டளை என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். மலை ஏறிவந்த சாமான்கள் அப்படியே மலை இறங்கின.

9. விடுதியை ஒப்படைத்தாகிவிட்டது. இறக்க இடமில்லை. என்னோடு பணியாற்றிய சார்ஜன்ட் விஜேகோன் தம்புத்தேகமவில் இருக்கிறார். அவர் தன் நெல் மூட்டைகளை ஒதுக்கி, கொட்டிலில் இடம் தந்தார். பின் அறையில் பிரேமினி தங்குகிறாள். சாமானைப் பிறர் வீட்டில் போட்டுவிட்டு நாமும் போய்விடுவது முறையல்ல என்பது அவள் கருத்து. அதோடு அவளது தையல் மெஷினும் அங்குதான். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். விஜேகோன் இன்றுவரை ஒரு வார்த்தை முகம் கோணிச் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு அவர் வீட்டுக்குப் போகவே வெட்கமாக இருக்கிறது.

10. நான் தோட்டத்துக்குத் திரும்பி, டிசம்பரிலேயே, அதாவது தவணை முடிவதற்கு முன்பே, கால நீடிப்புக் கோரித் தங்கள் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பித்தேன். கூடவே கையைக் கட்டிக்கொண்டு இருக்கவுமில்லை. பாலத்தைத் திரும்பப் போடத் தோட்டத்துரை மூடிக்கிடக்கும் பழைய தொழிற்சாலையின் இரும்பு உத்திரங்களைத் தந்தார். காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போதே கங்காணி ஆட்களிடம் சொல்லிவிடுவார். வேலை முடிந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார்கள். நான் கற்ற தொழில் எனக்கே பயன்பட்டது. பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். திருத்தினோம். பாரம் ஏற்றிய லொறி போகலாம் என்று பலகை வைத்தார். இப்போது கொழுந்து லொறி போகிறது. பூண்டுலோயா ஸுஹைர் நானாவின் கடை வேன் போகிறது. பாண்காரரின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. யாருக்காகப் பாலம் போட ஓடித்திரிந்தேனோ அந்த லொறி மட்டும் வரவில்லை.

11. ஏனெனில், பாலத்துக்குக் கடைசிப் பலகை அடித்த வாரத்தில்தான் தங்கள் பிரிவின் பதில் வந்தது. ஒருமுறை வாகனத்தை மறுத்தவருக்குத் தவணை நீடிக்க விதி இடம் தராது, உரிமை காலாவதியாகிவிட்டது என்று அதில் இருந்தது. இரண்டாவது கடிதத்தில் பாலம் உடைந்ததற்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிக்கடிதமும், காப்புக் கட்டியிருந்ததற்குக் கோயில் பரிபாலன சபையின் கடிதமும் இணைத்தேன். அவற்றை யாரும் பார்த்ததாகப் பதிலில் தெரியவில்லை.

12. இப்போது இந்த விடயம் ஒரு லொறியோடு நிற்கவில்லை. பாலத்தை அடித்துச்சென்ற அதே மழையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியதால் அங்கு யாரும் குடியிருக்கக்கூடாது என்று அறிவித்தார்கள். பாதி கட்டிக்கிடந்த வீட்டுத்திட்டத்தை முடித்து, இவ்வாண்டு ஓகஸ்டில் எனக்கும் ஒரு வீட்டின் சாவியைத் தந்தார்கள். என் குடும்பத்தில் சொந்தப் பெயரில் வீட்டுச் சாவி வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆனால் சாவி பெற்றவர் குடும்பத்தோடு குடியேற வேண்டும், இல்லையேல் வீடு அடுத்தவருக்குப் போகும் என்பது நிபந்தனை.

13. சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு கேத்தல், ஒரு மண்வெட்டி, நான். "இது குடித்தனம் இல்லியே, காவல் கொட்டில் மாதிரில்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாமான்களை விட்டுவிட்டு பிரேமினி வரமாட்டாள்; அவள் வராத வரை குடும்பம் என்று காட்ட எனக்கு வேறு ஆள் இல்லை. முழங்கால் வலியுள்ள தாயார் சீமெந்துத் தரையில் படுக்க முடியாமல் வட்டகொடையில் என் தம்பி சுதாகரன் வீட்டில் இருக்கிறார். கட்டிலும் தம்புத்தேகமவில்தான் இருக்கிறது. நவம்பர் மாத இறுதிக்குள் குடும்பம் வராவிட்டால் வீட்டை மீளப் பெறுவோம் என்று எழுதித் தந்துவிட்டார்கள். அடுத்து வரிசையில் நிற்பது சின்னராசாவின் குடும்பம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவரிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் எங்கள் சாமானைச் சுமக்க முன்வந்தவரிடமே எங்கள் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவிடாதீர்கள்.

14. வாடகை லொறி பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். தம்பியும் அதையே கேட்டான். மலைப்பாதை என்றதும் அவர்கள் கேட்கும் தொகை என் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படாது. கடன் வாங்கலாம்தான். ஆனால் கடன் வாங்கி ஏற்றினால், நான் மறுத்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்குரியதை எனக்குரியது என்று கேட்காமல் ஒதுங்கிப்போகும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. நான் அப்படி ஒதுங்கமாட்டேன்.

ஆகவே நான் வேண்டுவது: என் ஆவணக் கோவையில் "ஏற்க மறுத்தார்" என்றிருப்பதை "பிற்போடக் கோரினார்" எனத் திருத்த வேண்டும். அதன்படி காலாவதியை நீக்கி, நவம்பர் மாதம் முடியுமுன் ஒரு லொறியை ஒரு நாளைக்குத் தரவேண்டும். நட்டஈடு எதுவும் வேண்டாம். எந்த நாள், எந்த நேரம் என்றாலும் தம்புத்தேகமவில் நின்று கையொப்பமிடுவேன். ஏற்றவும் இறக்கவும் ஆள் தரத் தேவையில்லை. தோட்டத்தில் ஆள் இருக்கிறார்கள். பாலத்தின் உறுதி பற்றிச் சந்தேகம் இருந்தால் தங்கள் பொறியியலாளர் ஒருவரை அனுப்பிப் பார்க்கலாம். நான் காட்டுகிறேன்.

இறுதியாக ஒன்று. தங்கள் முன்னைய இரண்டு பதில்களும் சிங்களத்தில் வந்தன. எனக்கு வாசிக்கத் தெரியும். பிரேமினிக்குத் தெரியாது. இரண்டு தடவையும் நானே தொலைபேசியில் அவளுக்குத் தமிழில் சொன்னேன். இரண்டு தடவையும் அவள் கேட்டுவிட்டு, "சரிங்க, நீங்க சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது தடவை அந்த வேலையை என்னால் செய்ய முடியாது. இம்முறையும் இல்லை என்பதுதான் தங்கள் முடிவானால், அதைக் காரணத்தோடு தமிழில் எழுதி, என் முகவரிக்கு அல்ல, கீழே குறித்துள்ள தம்புத்தேகம முகவரிக்கு, அவள் பெயருக்கே அனுப்புங்கள். ஏன் தன் வீட்டுக்குத் தான் வரமுடியாது என்பதை அரசாங்கமே அவளுக்குச் சொல்லட்டும்.

இங்ஙனம்,
பணிவுடன் காத்திருக்கும்,

(ஒப்பம்) மூ. கஜேந்திரன்
ஓய்வுபெற்ற கோப்ரல்

இடம்: வெள்ளோடைத் தோட்டம், பூண்டுலோயா
திகதி: 2025 ஒக்டோபர் 13

பதில் அனுப்ப வேண்டிய முகவரி:
திருமதி பிரேமினி கஜேந்திரன்,
மே/பா சார்ஜன்ட் விஜேகோன் (ஓய்வு),
தம்புத்தேகம.