கத்தரித்த அட்டையில் பாதிப் பெயர்

மதுராந்தகம்,
ஞாயிறு

அன்புள்ள சிநேகாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று இன்று தயங்காமல் எழுத முடிகிறது. ஹெல்சிங்கியின் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சல். என்னிடம் சொல்லாமல் கருங்குழியில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். கண் இமை தொங்கும் அந்தத் தசைத் தளர்ச்சி நோய், மயஸ்தீனியா, இருப்பதை அங்கே சொல்லவே இல்லை. கேட்டால், காச்சலுக்குத்தான போனேன், கண்ணப் பத்தி இன்னாத்துக்கு சொல்லணும் என்கிறார். மருந்துக்கடையில் ஐந்து மாத்திரை கத்தரித்துக் கொடுத்ததில் அட்டையில் பாதிப் பெயர்தான் இருந்தது. அதை வைத்து, நீ சொன்ன தளத்தில், பல தேடுபொறிகளிடம் ஒரே சமயத்தில் கேட்டுத் திரட்டித் தருமே, அதில் தேடினேன். எட்டு பேர்கிட்ட ஒரே கேள்வியக் கேட்டுகினு கீறியே, ஒருத்தரையும் நம்ப மாட்டியா என்று அப்பா சிரித்தார். ஏதோ சத்து மாத்திரை, பயமில்லை என்று நான்கு பக்கங்கள் வந்தன. நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் நான்கிலும் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழை. இத்தனை வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு அது போதாதா. அட்டையோடு கடைக்கு ஓடினேன். இன்னா டீச்சர், மாத்திரைக்கும் பரிட்சை வெக்கிறீங்களா என்றபடி கடைக்கார ஜாவித் மீதி அட்டையைக் காட்டினார். கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். அதையும் நோயின் பெயரையும் சேர்த்துத் தேடியதும் நரம்பியல் மருத்துவர்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. மயஸ்தீனியாக்காரர்களுக்கு மூச்சுத் தசையையே தளர்த்திவிடக்கூடிய மருந்துகளில் அதுவும் ஒன்று. அதற்குள் அப்பா ஒன்றை விழுங்கியிருந்தார். சென்னை டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே நிறுத்தச் சொல்லி வேறு மருந்து சொன்னார், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொன்னார். குரல் குழைகிறதா என்று நான் கவனிப்பது தெரிந்து, உன் அப்பா ஏரி மதகைப் பற்றி நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். குழையவில்லை.

நோயின் பெயரையும் ஆகாத மருந்துகளையும் டாக்டரிடம் கேட்டு ஒரு கார்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். போனில் சொன்னாயே, உன் தலைவலிக்கும் தேடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேடியதை எழுதிக்கொண்டுபோய் டாக்டரிடம் கேள். நீயாக மாத்திரை வாங்காதே.

நல்ல உடம்போடு நிறைவாக இரு.

உன் அம்மா,
ஜோதிலட்சுமி

சிநேகா, கார்டு சட்டைப் பையில பத்ரமா கீது. உங்கம்மா தினம் செக் பண்றா. – அப்பா