ஒரே தட்டில் கப்பலும் மாப்பிள்ளையும்

செப்டெம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். யூனிஃபோர்ம் காயல. ஈரத்தோடயே ஸ்கூல்.

அக்காவுக்குக் கப்பல் கிடைச்சிருக்கு. மாப்பிள்ளை ஏற்கெனவே கிடைச்சாச்சு (திருச்சி, தை மாசம் கல்யாணம்). கப்பல் சீனாவோட ஆய்வுக் கப்பல். கடலடி மண்ணை அள்ளிப் பார்க்குமாம். பேராதனை கேம்பஸ்ல சுபா அக்கா படிச்சதும் அந்த மண்ணைத்தான். நம்ம நாட்டுல இருந்து சில பேரை ஏத்துறாங்க, அதுல அவளும் ஒருத்தி. அரசாங்கம் அனுமதி குடுத்தா கொழும்புல ஏறலாம். கேம்பஸ்ல தற்காலிக வேலை பார்க்கிறவளுக்கு இது பெரிசு. திரும்பி வந்தா நிரந்தரமாக்குவாங்கன்னு அவளோட பேராசிரியர் சொன்னாராம்.

அக்கா ஃபோன்ல மாப்பிள்ளை பேரை ‘பாதுகாப்பு அமைச்சு’ன்னு மாத்தினேன். இந்திய ராணுவத்துக்குச் சாமான் செய்ற தொழிற்சாலையில இஞ்சினியர், ஆகவே முழுப் பொய் இல்ல. சாயங்காலம் ஃபோன் அடிச்சப்ப அப்பா திரையைப் பார்த்துட்டு டீ கப்போட எழும்பி நின்னுட்டார்.

தலையில குட்டு. பரவாயில்ல.

செப்டெம்பர் 12, வெள்ளி

மழை விட்டுது. கோயில். அம்மா அர்ச்சனைக்கு ரெண்டு பேர் சொன்னாங்க. முதல்ல மாப்பிள்ளை, அடுத்தது கப்பல். ஐயர் கப்பல் பேரை மூணு தடவை கேட்டார், வாயில நுழையல. நட்சத்திரம் என்னம்மான்னார். அம்மா என்னைப் பார்த்தாங்க.

கப்பலைக் கடல்ல இறக்கின தேதியை நெட்ல தேடி எடுத்து வெச்சிருந்தேன். கேட்டை. கோத்திரம் தெரியாதவங்களுக்குச் சிவகோத்திரம். ஒரே தட்டு, ஒரே தேங்காய். சும்மா இருக்க முடியாம கப்பலுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்த்தேன். பத்துல ஒண்ணுகூட இல்ல. ரஜ்ஜு தட்டுது.

அக்கா சிரிச்சா. நல்லாச் சிரிச்சா.

செப்டெம்பர் 13, சனி

அப்பாவோட கடையில நின்னேன். சட்டி பானை இந்தியா, டோர்ச் லைட் சீனா. ஒரே அலுமாரியில சண்டை இல்லாம இருக்குது.

கப்பல் செய்தி பேப்பர்ல. பக்கத்துக் கடை யாழ்ப்பாணத்து அங்கிள் பேப்பரோட வந்து, “உது மண் அள்ளுற கப்பல் எண்டு ஆர் பிள்ளை நம்புறது?” எண்டார். எங்க அக்காவுக்கு வேற ஒண்ணும் அள்ளத் தெரியாது அங்கிள்னேன். ஆய்வோ வேவோ, கடல்ல போனா எப்படியும் வாந்தி வரும்னேன். இந்தியா சும்மா இருக்காது எண்டு சொல்லிட்டுப் போய்ட்டார்.

அக்காகிட்ட கேட்டேன், நிஜமாவே வேவா? யோசிச்சுட்டுத்தான் பதில் சொன்னா. கடலடியை அளந்து வெச்சா மண் படிச்சவளுக்கும் உதவும், நீர்மூழ்கி ஓட்டுறவனுக்கும் உதவும். இந்தியா பயப்படுறது பைத்தியக்காரத்தனம் இல்லையாம். “ஆனா அந்த மண்ணைப் பார்க்க எனக்கு வேற கப்பல் இல்லடி.”

இதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கப்பல் விஷயம் தெரியாது. அனுமதி வந்ததும் அவளே சொல்றதா இருந்தா. இன்னைக்கு அம்மா சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் எடுத்து, உங்க பையனுக்கும் எங்க பொண்ணு போற சீனக் கப்பலுக்கும் ஒண்ணா அர்ச்சனை வெச்சேன்னு சந்தோஷமாச் சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அம்மா சிக்னல் போச்சுன்னு நெனச்சு இன்னொரு தடவை சொன்னாங்க.

செப்டெம்பர் 16, செவ்வாய்

வெயில். கணக்கு வகுப்பு இல்ல.

கப்பலுக்கு அனுமதி இல்ல. இப்போதைக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவும் வேணாமாம். பேராசிரியர் ஃபோன்ல சொன்னார். அக்கா சரி சேர், சரி சேர்னு கேட்டுட்டு, வெச்சிட்டு, பருப்பை இறக்கினா.

வாந்தி மாத்திரை வாங்கி வெச்சிருந்தா. வளைஞ்சு வளைஞ்சு மலை ஏறுற கலஹா பஸ்ஸுக்கு ஆகும்னேன். யாரும் சிரிக்கல. நானும்.

எனக்கு அழுகை வரும்னு பார்த்தேன். வரல. பல்லுக்கு மரக்க ஊசி போட்ட மாதிரி, கன்னம் இருக்கு, என்னோடது இல்ல.

செப்டெம்பர் 17, புதன்

திருச்சியிலிருந்து செய்தி. மாப்பிள்ளை ஆபீஸ்ல கட்டிக்கப்போற பொண்ணு வெளிநாட்டுக்காரின்னா எல்லா விவரமும் குடுக்கணுமாம். கப்பலையும் சொல்லிட்டாராம். இனிமே சீன ஆய்வு எதுலயும் சேரமாட்டேன்னு அக்கா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதுமாம்.

அம்மாவுக்கு நிம்மதி. கப்பல்தான் இல்லன்னு ஆச்சே, போட்டுக் குடுத்துடுன்னாங்க. அப்பா டீவி சத்தத்தைக் கூட்டினார். நான் எங்க வீடு அணிசேரா நாடுன்னேன். அப்பா ரிமோட்டைக் கீழ வெச்சார். அவ்வளவுதான்.

அக்கா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே: “போகக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லிட்டுது. போகமாட்டேன்னு நான் வேற சொல்லணுமா?”

அம்மா அழுதாங்க, எல்லாம் என் வாயாலன்னு. இல்லம்மான்னு அக்கா.

செப்டெம்பர் 18, வியாழன்

திரும்ப மழை. கரண்ட் போய் வந்துது.

‘பாதுகாப்பு அமைச்சு’ ஃபோன். பேரை இன்னும் மாத்தல அவ. ஸ்பீக்கர்ல போட்டா, எல்லாரும் கேட்கட்டும்னு.

நல்ல குரல் அவருக்கு. சுபா, வெறும் கையெழுத்துதானேன்னார். எந்த நாட்டுக் கப்பல்ல எந்த மண்ணைப் பார்க்கிறதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுக்க முடியாதுன்னு அக்கா சொன்னா. கோபமாச் சொல்லல. பஸ் நேரம் சொல்ற மாதிரி.

அப்புறம் அவர்: “நீங்க எழுதிக் குடுக்கலன்னா, உங்களுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு நான் எழுதிக் குடுக்கணும்.”

“எழுதுங்க”ன்னா அக்கா. “அப்பா பேரும் சேர்த்து முழுப் பேரா எழுதுங்க. வேற எந்தச் சுபாவும் மாட்டிக்கக் கூடாது.”

அவர்தான் முதல்ல ஃபோனை வெச்சார்.

அம்மா அறைக்குள்ள. அப்பா கதிரையில. அக்கா என் பக்கம் திரும்பி, ஏன்டி, நீ ஒண்ணும் சொல்லலையான்னு கேட்டா. நிஜமாவே கேட்டா, ஏதாவது சொல்லேன்ற மாதிரி.

தேடினேன். ஒண்ணும் வரல.

நாளைக்கு பௌதிகவியல் டெஸ்ட்.