அந்த ரத்தம் யாருடையது, அத்தை?

என் பிரியமுள்ள அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு இரண்டாவது ஈஸ்டரும் வந்துவிட்டது. கல்லறைக்கு வெள்ளையடிக்க உங்கள் மகன் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். நான் எழுதுவது வேறொரு காரியமாக. நீங்கள் இருந்தபோது கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டிருந்தாலும், "இப்ப எதுக்குக் கேக்குற? யாரு கேக்கச் சொன்னா?" என்றுதான் ஆரம்பித்திருப்பீர்கள்.

யாரையும் லேசில் நம்பாதவர் நீங்கள். பால்காரர் ஊற்றிய பாலை விரலில் தொட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போவீர்கள். டேனரி மேஸ்திரியான உங்கள் மகன் தாமதமாக வந்தால், சட்டையில் தோல் நாற்றம் இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவீர்கள். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த நாளிலிருந்து என்னையும் அப்படித்தான் பார்த்தீர்கள்.

நான் வேலை பார்த்த சர்ச் பள்ளிக்கூடத்தில், ஐம்பது தாண்டிய பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தப்போவதாக ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் உங்களைக் கூப்பிட்டேன்.

"நல்லா கீற ஒடம்புல எதுக்கு ஊசி குத்தணும்? எடுத்த ரத்தத்தை இன்னா பண்ணுவாங்க?"

"சர்க்கரை இருக்கா, ரத்தம் கம்மியா இருக்கான்னு பார்ப்பாங்க அத்தே. முன்னாடியே தெரிஞ்சா சுலபம்."

"யாருக்குச் சுலபம்?" என்றீர்கள்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு கதீஜா பீ உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிறகு ஒருநாள் காதில் வாங்கினேன். "சர்க்கரைன்னு ஒரு வார்த்தைதான்மா சொன்னாங்க. மறுநாளே மருமகளுங்க சமையல்கட்டுப் பக்கம் வர வுடல. ரம்ஜானுக்கு பிரியாணி யாரு தம் போடறதுன்னுகூட என்னைக் கேக்கல." ஒரு நோய்க்குப் பெயர் வைத்ததும், அந்த வீட்டை நடத்திய பெண் ஒரு மூலைக் கட்டிலுக்குப் போய்விட்டாள். நீங்கள் ஊசிக்குப் பயப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் பயந்தீர்கள்.

"நீயும் குடுத்தா நானும் குடுக்கறேன்," என்று கடைசியில் ஒப்புக்கொண்டீர்கள். எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. முகாமுக்கு வந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே என் கையிலும் எடுத்தாள். நீங்கள் ரோஸம்மா, நான் ரோஸலின். ஊருக்கு நாம் இரண்டு பேருமே ரோஸ். யாரோ அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, இரண்டு குழாயிலும் பிளாஸ்திரி ஒட்டி அதையே எழுதிவிட்டாள் போலிருக்கிறது. அன்றைக்கு அதை நாம் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் முடிவைச் சொன்னார்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை, எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி. நீங்கள் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை.

பஜார் கிளினிக் டாக்டரிடம், "இன்னொரு வாட்டி பார்த்துடலாமா?" என்று கேட்டேன். "அதான் ரிசல்ட்ல தெளிவா இருக்கே, டீச்சர்," என்று மாத்திரை எழுதினார்.

பாதிச் சோறு, சர்க்கரை இல்லாத காப்பி, காலையில் மாத்திரை என்று என் நாட்கள் மாறின. எனக்குத் தனியாகக் கேழ்வரகுக் களி கிண்டினீர்கள். மாத்திரை போடும்போது தண்ணீர் தம்ளரை நீங்களே நீட்டினீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுப்படி இனி தனக்கே என்று மாமியாருக்கு உள்ளுக்குள் குஷி என்றுதான் நினைத்தேன். நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டதற்கு நான் உங்களைச் சந்தேகப்பட்டது ஒன்றும் குறைவில்லை.

பிறகு ஒரு முற்பகல், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது. புடவை நனைகிற அளவுக்கு வேர்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சரோஜினி டீச்சர் ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கண் திறக்க முடியவில்லை, காது மட்டும் கேட்டது. நீங்கள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைக்கும் சத்தம். சரோஜினியின் அழுகை.

"ஐயோ அம்மா, சர்க்கரைக்காரிக்குப் போய் சர்க்கரை குடுக்கறீங்களே."

"வுடு கையை. அவளுக்கு ஒண்ணும் கிடையாது. அது என் ரத்தம்."

என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. முதலில் தெரிந்தது உங்கள் முகம்தான். உங்கள் கன்னம் நனைந்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

மறுநாள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம், "பேரை முழுசா எழுதும்மா, வயசையும் எழுது," என்று சொல்லி, அவள் எழுதி முடிக்கும்வரை கையை நீட்டவில்லை நீங்கள். எனக்கு ஒன்றுமே இல்லை, வேண்டாத மாத்திரைதான் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கி என்னைச் சாய்த்திருக்கிறது என்றார்கள். உங்களுக்குத்தான் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. ஆணி குத்தி ஆறாமல் இருந்த குதிகால் புண்ணை அப்போதுதான் காட்டினீர்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அங்கேயே தங்கவைத்துக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "எப்படித் தெரிஞ்சுது அத்தே?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "ராத்திரில எத்தினி வாட்டி எழுந்து தண்ணி குடிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் எப்போதிலிருந்து தெரியும், அத்தை? முடிவைச் சொன்ன அன்றைக்கேவா? தினமும் தண்ணீர் தம்ளரை நீட்டியபோது மனசில் என்ன ஓடியது? மாத்திரை என்னை ஒன்றும் செய்யாது என்று நினைத்தீர்களா? இல்லை, ரிக்‌ஷாவிலிருந்து என்னைத் தூக்கி இறக்கிய அந்த நிமிஷத்தில்தான் பொறி தட்டியதா? சில நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது, சில நாள் வேறு மாதிரி. ஒன்று மட்டும் நிச்சயம். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் காலும் போயிருக்கும், ஒருவேளை நானும் போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், அடுப்படி வாசலில் தயங்கி நின்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடட்டும் அத்தே?" என்று கேட்டேன். எனக்கு அளவு தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு உள்ளே வந்து, என் கையிலிருந்த படியை வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம், மாத்திரையின் நிறம் மாறிவிட்டது, இது போலி என்று சண்டை போட்டுக்கொண்டே விழுங்கினீர்கள். கடைசியில் இதயம்தான் நின்றது. கால் இரண்டும் முழுசாக இருந்தன.

இப்போதைய சேதி உங்கள் மகள் கமலாவைப் பற்றி. ஐம்பதைத் தொடப்போகிறாள். ஆள் இளைத்துவிட்டாள். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம், ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு என்று அவள் வாக்கப்பட்ட அணைக்கட்டு ஊருக்கே போய்ச் சொன்னேன். "எங்க அண்ணன் உன்னை இன்னாத்துக்கு அனுப்பிச்சாரு, அண்ணி? அம்மா நெலத்துல என் பங்குக்குக் கையெழுத்து வாங்கவா?" என்றாள். கோபம் வந்தது. அதைவிடச் சிரிப்பு வந்தது. உங்கள் குரலேதான்.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறேன், அத்தை. அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன், சிரிக்கமாட்டேன், அவசரப்படுத்தமாட்டேன். அன்றைக்கு வராவிட்டால் அடுத்த வாரமும் போவேன். அவள் என்னை நம்ப வேண்டியதில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே என்னோடு பஸ் ஏறினால் போதும்.

கடைசிவரை நீங்கள் முழுசாக நம்பாத, ஆனாலும் மடியில் போட்டுப் பிழைக்கவைத்த
உங்கள் மருமகள்
ரோஸலின்